அறுபத்தெட்டு தசம் ஐந்து

எண்ணூறு சீசீ ஓட்டத்தில்
நாலாம் முறையும் நப்ரீஸ்தான்.
கிரான் வட்டையில் வெள்ளாமை வெட்டி
அரிதாள் மிதிபட்டுத் தூளான பிறகு
வாய்க்கால் கட்டைச் சுற்றி நாங்கள் போட்ட கிறவல் பாதையில்
அவனுடைய பழைய ஆல்ட்டோ
கச்சான் காற்றுக்கு முன்னே போய்
கச்சான் காற்றுக்கு முன்னே வந்தது.

ஏழு பேர் தோற்றோம்.
ஏழு பேருக்கும் காரணம் தெரியும்.
பெற்றோலுக்குள்ள பூச்சி உருண்டை கரைச்சிருக்கான்
என்றான் குகநேசன்.
பிளைவீலைக் கடைஞ்சு இலேசாக்கிப்போட்டான்
என்றான் டிலக்சன், கடைசல்காரனின் பேரோடு.
இர்சாத் அவனுக்கு மச்சான் முறை.
சுற்றுமுற்றும் பார்த்து
போர் பண்ணியிருக்கான் என்று மெல்லச் சொன்னான்.
சொந்தக்காரன் வாயில் வந்தால்
பொய்க்கும் ஒரு நிறை இருக்கும்.

நான் பின்னாலேயே ஓடினவன்.
மதகு வளைவில் பாலை மரம் கண்டதும்
எல்லாரும் பிரேக் மிதிப்போம்.
அவன் பின்விளக்கு அங்கே ஒருநாளும் பற்றவில்லை.
பல்ப் எரிந்துபோச்சு என்றுதான் நினைத்தேன்.

முறைப்பாட்டுக் காசு இருபத்தோராயிரம்.
எஞ்சின் பெரிசென்றால் கோப்பை போகும்.
சரியென்றால்
கழற்றச் சொன்னவனே பூட்டிக் கொடுக்க வேணும்.
காசை ஏழாகப் பிரித்தோம்.
கையெழுத்து பிரியவில்லை.
கராஜ்காரன் நீதானே என்றார்கள்.
போட்டேன்.

சந்திவெளியில் ஒரு நெல் ஆலைக் கொட்டில்.
வாடகை ஜெனரேற்றர், ஒற்றைப் பல்ப்.
மெல்வின் ராகல் முத்திரைக் கம்பியை வெட்டினார்.
ஹெட்டைத் தூக்கியதும்
ஏழு தலை குனிந்து வெளிச்சம் மறைந்தது.
தள்ளி நில்லுங்க கா, பிரேதமா பார்க்கிறீங்க?
வேணியரை சேட்டு நுனியில் துடைத்து இறக்கினார்.

அறுபத்தெட்டு தசம் ஐந்து.
மறுகா அடுத்தது,
அறுபத்தெட்டு தசம் ஐந்து.
மூன்றாவதை இரண்டு தரம் அளந்தார்.
கொம்பனி விட்டபடியே இருந்தது,
விளிம்பில் மட்டும் கொஞ்சம் தேய்மானம்.

ஒருத்தனும் வெட்கப்படவில்லை.
அப்ப கியர்பெட்டிதான், என்றான் குகநேசன்
மோட்டார் சைக்கிளை உதைத்தபடி.

ஆறு மோட்டார் சைக்கிளும் போன பிறகு
நானும் அவனும் எஞ்சினும்.
பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து
ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துத் தின்றான்.
ஒரே ஒரு கதைதான் கதைத்தான்:
போல்ற்றெல்லாம் ஒழுங்கு மாறாம வைங்க அண்ணன்.

புதுக் கெஸ்கற், என் காசு.
எட்டு போல்ற்.
நடுவிலிருந்து வெளியே, குறுக்கு மறுக்காக,
ரோர்க் சாவி டொக் என்று சொல்லும்வரை.
கடைசிப் போல்ற்றில் கை வைத்தபோது
அரைத் திருகு என்ற எண்ணம்
நுளம்பு மாதிரி வந்து காதடியில் நின்றது.
தட்டிவிட்டேன்.
முறுக்கினேன்.

அடுத்த ஓட்டம் ஆடி கடைசி ஞாயிறு.
மூன்றாம் சுற்றில், அதே மதகடியில்
அவன் பொனற் இடுக்கால் வெள்ளைப் புகை.
நான் தாண்டிப் போனேன்.
எனக்குப் பின்னால் யாரும் இல்லாத பாதை
எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

கோப்பை எனக்கு.
கை தட்டியவர்கள் இடையிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.
டிலக்சன் என் முகத்தைப் பார்க்காமல்
என் கையைப் பார்த்தான்.
இர்சாத் இப்போது இன்னொருத்தன் காதில்
மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முறைப்பாட்டுத் தாளை நானே கொண்டுபோய்
நப்ரீஸிடம் நீட்டினேன்.
போடு, திறக்கட்டும், அளக்கட்டும்.
மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு
வேணாம் அண்ணன் என்றான்.
ஆத்திரமாகவாவது சொல்லியிருக்கலாம்.

கராஜ் கதவை இழுத்துவிட்டு
இரவில் எண்ணிப் பார்க்கிறேன்.
ஒன்று, டொக். இரண்டு, டொக்.
ஏழுவரைக்கும் நல்லாக் கேட்கிறது.
எட்டாவதுக்கு
முறுக்கினது கைக்கு ஞாபகம்.
சத்தம்தான்,
அந்த நேரம் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது.