கிழக்கு எல்லை

வெள்ளிக்கிழமை அச்சாகும் வர்த்தமானி
ஒட்டுசுட்டானுக்குப் புதன்கிழமை வந்தால்
அது நல்ல கிழமை.
முத்திரை குத்தி, இலக்கம் போட்டு, நூலில் கோத்து வைப்பேன்.
வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும்
யாரோ பிளேட்டால் வெட்டிக்கொண்டு போகிறார்கள்.
வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் ஆள் தெரியும்.
கேட்டதில்லை. வேலை கிடைக்கட்டும்.

கற்பகவல்லி அக்கா கேட்டது வேறு.
"தங்கச்சி, எங்கட வளவு காடாம்.
எந்தப் பேப்பரில காடாச்சு எண்டு
ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

காடாக்கிய தாள் இருந்தது.
வடக்கே வீதி, தெற்கே ஆறு,
நடுவில் ஒருவருமில்லை.
மாமரம் மூன்று, கட்டுக்கிணறு ஒன்று,
ஓடுகிற அன்று புதைத்த அம்மி
எதுவும் அச்சேறவில்லை.
உறுதி மாத்தளனில் பையோடு போனது.

எங்கள் அலுமாரி
இரண்டாயிரத்துப் பதினொன்றில் தொடங்குகிறது.
அதற்கு முந்தியதை எல்லாம்
கூரையில்லாத கட்டடத்தில்
கறையான் வாசித்து முடித்துவிட்டது.
வவுனியாவுக்குப் போன் எடுத்தேன்.
நூலகர் பாஹிம்; குரல் மட்டுமே பழக்கம்.
"ஐம்பதுகள் கொஞ்சம் கிடக்கு மிஸ்,
கட்டி பஸ்ஸில போட்டுவிடுறன்.
போனமுறை கொண்டுபோன சட்டத் தொகுப்பு
இன்னும் வரேல்ல."

மூன்று பொதி.
கொண்டக்டர் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.
எட்டு நாள், மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடி,
தாள் உதிராமல் புரட்டினேன்.
அரிசிக் கூப்பன், மலேரியா,
கட்டாக்காலி மாடுகளின் குறிசுடு அடையாளம்,
பிறகு, ஒரு வீதிக்குக் காணி எடுக்கும் அறிவித்தல்,
இங்கிலீஷில்:
கிழக்கு எல்லை, வேலன் சின்னவன்
செய்கைபண்ணும் தோட்டமும் கிணறும்.

சின்னவன் அவவின் அப்பப்பா.
பேரில் ஓர் எழுத்துப் பிழை.
கிணறு பிழையில்லை.

"எந்த வரி?" என்றா.
காட்டினேன்.
தொட்டால் உடையும் என்று
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
குனிந்து பார்த்தா,
வாசிக்கத் தெரியாத பாஷையை
நெடுநேரம்.

கரண்ட் வந்தது மூன்றரைக்கு.
ஆட்சேபனைக்கு இன்னும் ஆறு நாள்.
பொதி திங்கள் பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

எல்லை விபரம் மற்றப் பக்கத்துக்கும் ஓடியிருந்தது.
மேற்கே இன்னொரு பேர்.
அந்த மனிசனின் ஆட்கள்
எந்த ஊரில், எந்த நாட்டில்,
இருக்கிறார்களோ என்னவோ.
அதையும் ஒரு கொப்பி எடுத்தேன்.

கணக்கில் பத்து ரூபா:
ஐந்து அவ.
ஐந்து நான்.