எட்டாயிரம்

நீடாமங்கலம், மாடியறை.
பல்கீஸ் அக்கா பேசிவிட்டுப் போன குரல்
விநாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துளியாய்
கணினியில் கிடக்கிறது,
வளையல், மூச்சு, தகரத்தில் விழுந்த தூறல்வரை.

போனுக்கு எட்டாயிரம் போதும்.
மோனோ.
பொத்தானை அமுக்கினேன்.

தூறல் முதலில் போனது. பிறகு வளையல்.
சம்பாவின் சகரம் உமியாய்ப் பறந்து
அம்பா என்று கேட்டது.
'ச்சம்பான்னு அடிச்சுச் சொல்லணும்க்கா, நாளைக்கு வாங்க'
என்று செய்தி போட்டேன்.

ழகரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்து
கோரையாற்றுப் பாலத்தில், லாரி இரைச்சலில்,
நானே அழைத்துப் பார்த்தேன்.
'தண்ணீர் நிலவரம் அறிய எண் ஆறை அழுத்தவும்.'
அழுத்தினேன்.
'கீழ்மதகு திறப்பு ஏழாம் தேதி.'
தெளிவு.

பாலத்துக்கடியில் வெறும் மணல்.
அதன்மேல் சின்னதாய் ஒரு போன் வெளிச்சம்:
வேறு யாரோ
ஆறை அழுத்துகிறார்.