பத்தின் மடங்கு

காவல்கிணறு விலக்கில் எங்கள் எடைமேடை
அறுபது டன் தாங்கும்.
பத்துப் பத்து கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
பதினைந்துக்குக் கீழே என்றால் பத்து,
மேலே என்றால் இருபது.
நடுவில் கிடப்பதெல்லாம் கணக்கில் இல்லை.

ஜல்லி லாரிகள் விட்ட இடைவெளியில்
நாய் ஏறிக் குறுக்கே நடந்தால்
சிவப்பு எழுத்தில் இருபது விழும்.
அதைப் பார்த்துத்தான் ராத்திரி ஷிப்ட் மைதீன் பிச்சை
அவளுக்கு டன்னு என்று பேர் வைத்தார்.

ஆடிக் காற்று கணவாயைத் தாண்டி வந்து
கூரைத் தகரத்தைப் பிய்க்கிற வாரம்,
அவள் லாரியைப் பார்த்துக் குரைக்கவில்லை.
முதல் நாள் நான் கவனிக்கவில்லை,
ஒத்துக்கொள்கிறேன்.
சத்தம் குறைந்ததே என்று
பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் தட்டுப் புரோட்டாவை
எறும்பு தின்றது.
ஜெனரேட்டருக்குப் பின்னால்
சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிக் கிடந்தாள்.
பேர் சொன்னதற்கு வால்நுனி மட்டும் ஒருதரம்.
எழுப்பி, மேடையில் நடத்திப் பார்த்தேன்.
பத்து.

'சூடு வே, மோரை ஊத்தும்.'
'கொதி விழுந்திருக்கும், மொளவாயைச் சுத்திப் போடும்.'
'கெடக்கட்டும், நாய்க்குத் தன்னால சரியாவும்.'
டீக்கடை தவசிக்கனி
சட்டைப் பையிலிருந்த காய்ச்சல் மாத்திரையைப்
பாதியாகக் கிள்ளி நீட்டினார்.
அன்பாகத்தான் நீட்டினார்.

வாங்கி மேசையில் வைத்துவிட்டு
பணகுடி மாட்டாஸ்பத்திரிக்கு போன் போட்டேன்.
'மனுச மாத்திரை எதுவும் குடுத்துராதீங்க,
உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க'
என்றது ஒரு பெண்குரல்.

ஏழு வருசப் பழக்கம்,
அவள் வாய்க்குள் நான் பார்த்ததில்லை.
சுண்ணாம்படித்துக் காய்ந்த சுவர் மாதிரி ஈறு.
விரலால் அமுக்கி எடுத்து,
நிறம் திரும்ப எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் கொஞ்சம்.
'காதுக்குள்ள?'
மடிப்பைப் பிரித்தால்
ஆமணக்கங்கொட்டை கொட்டி வைத்தாற்போல் உண்ணிகள்,
விரலிடுக்கிலும்.
'மூத்திரம் என்ன நெறம்?'
தெரியாது.
'சாயங்காலம்னு வைக்காதீங்க. இப்பவே வாங்க.'

முதலாளிக்குச் சொல்லாமல் மேடையைப் பூட்டினேன்.
பதினோரு லாரி வரிசையில்.
முதலில் நின்ற கோட்டயம் வண்டி டிரைவர்
திட்டத்தான் இறங்கினார்;
பார்த்துவிட்டுத் தன் போர்வையை எடுத்து வந்தார்.
ஆட்டோ நெடுக மடியில் கிடந்தாள்.
போர்வையைத் தாண்டித் தொடையில் சுட்டது காய்ச்சல்.

டாக்டர் ஷைனி கேட்ட முதல் கேள்வி: எடை எவ்வளவு?
'பத்து' என்றேன். 'பதினாலாகவும் இருக்கும்.'
அவர் சிரிக்கவில்லை. எடைக்குத்தான் மருந்தாம்.
சின்னத் தராசில் ஏற்றினார்.
பதிமூன்று கிலோ நானூறு கிராம்.
அந்த நானூறு கிராமை
நான் அன்றுதான் பார்க்கிறேன்.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம்.
'உண்ணிக் காய்ச்சல். நாளைக்கு வந்திருந்தா...'
முடிக்காமல் ஊசியை எடுத்தார்.
மாத்திரை இருபத்தெட்டு நாள்,
வெறும் வயிற்றில் கூடாது,
தேறிட்டாளேன்னு நடுவுல நிறுத்தவும் கூடாது.

லாரிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டோம்.
வண்டி: டன்னு. சரக்கு: இட்லி, உள்ளே மாத்திரை.
ஐந்தாம் நாள், துப்பிவிட்டது.
ஆறாம் நாள், மைதீன் பிச்சை கையெழுத்தில்:
மீன் சதையில் பொதிந்தேன், தின்றது.
ஒன்பதாம் நாள் கட்டம் காலி.
குடுத்தீரா இல்லையா என்று
விடியுமுன்னே அவரோடு சண்டை.

பதினேழாம் நாள் உச்சிப்பொழுதில்
அவளாகவே எழுந்து மேடையேறினாள்.
நட்டநடுவில் நின்று
காற்றாடிகள் சுற்றுகிற பக்கம் மூக்கைத் தூக்கினாள்.
பத்து. இருபது. பத்து.
எண் நிலைக்கவில்லை.
பின்னால் லோடு வண்டி ஆரன் அடித்தது.
திரும்பி ஒரே ஒரு குரைப்பு.
அந்த உதறலில்
இருபது. பத்து. இருபது.

சன்னல் வழியே கையைக் காட்டினேன்:
பொறும் வே,
முந்தின வண்டி இன்னும் எறங்கல.