சுமைச் சோதனை

பதினொரு மணிக்குப் பிறகுதான் காற்று விழுந்தது.
வாவி தகரம்போலக் கிடந்தது.
எட்டு டிப்பர்களையும் ஒவ்வொன்றாய்ப் பாலத்தில் ஏற்றினோம்,
மூக்கும் வாலும் முட்டாமல்,
நான் சோக்கட்டியால் கீறிவைத்த கோடுகளில்.

எல்லாவற்றிலும் மணல்.
முந்தனையாற்றில் அள்ளியது, இன்னும் ஈரம்.
ஆற்றின் அடியை எடுத்து
வாவியின் தலைக்குமேல் நிறுத்திவிட்டுத்
தாங்குகிறாயா என்று
வளைந்து நிற்கும் இரும்பைக் கேட்பது என் உத்தியோகம்.

கீழே சாரக்கட்டில் குந்தியிருந்து
டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பவளேந்திரன் அளவுமானியை வாசித்தார்:
மூன்று.
ஏழு.
பதினொன்று.
கடைசி டிப்பர் நின்றபோது பதினான்கு.
பதினான்கு மில்லிமீற்றர்,
ஒரு தீப்பெட்டியின் தடிப்பு.
அவ்வளவுதான் குனிந்தது,
இத்தனை தொன்னுக்கு.

'இதுக்குள்ளயே படுக்கட்டா மிஸ்,
நானும் பாரந்தானே?'
ஏறாவூர் றிஸ்மியாஸ் ஸ்டியரிங்கில் கன்னம் வைத்துக் கேட்டார்.
உங்கட கிலோவை நான் கணக்கில எழுதேல்ல,
இறங்குங்க என்றேன்.
சிரித்துக்கொண்டே இறங்கி
வளைவின் காலடியில் சாக்கை விரித்தார்.

வளைவு தன் காலிரண்டையும் வெளியே உதைக்கும்.
கட்டுவிட்டம் விடாமல் உள்ளே இழுக்கும்.
ஒருநாளும் தீராத அந்தச் சண்டையின்மேல்
அடுத்த கிழமை பள்ளிக்கூட பஸ் போகும்,
மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் போகும்,
கலியாண வேன் போகும்.
எவருக்கும் சத்தம் கேட்காது.

இரவு முழுக்க
டிப்பர்களிலிருந்து நீர் ஒழுகி
இணைப்பின் இடுக்கால் சொட்டியது.
ஆறு, கொஞ்சம் கொஞ்சமாக,
வாவிக்கு இறங்கிப் போனது.
பிளேன்டீ ஆறியது.
நான் குடிக்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு இறக்கினோம்.
எட்டும் கிறுகிப் போய்விட்டன.
மறுகா கீழேயிருந்து குரல்:
'ஒன்டில நிக்குது மிஸ்.'
தட்டிப் பாருங்க.
'தட்டினன். ஒன்டுதான்.'

கொழும்புக்கு அழைத்தேன்.
பெரிய பொறியியலாளர் கொட்டாவியோடு சொன்னார்:
அனுமதிக்குள்தானே, எழுதிவிடும்.

பழைய பாலத்தில் ஒரு பதினாறு வயது
சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தது.
புத்தகப்பை திறந்தபடி,
வலது கையில் அடையாள அட்டை.
சென்றி தாண்டி, பாலம் இறங்கி,
சந்தைக்கு வந்தபிறகும்
அந்த முழங்கை மடிந்தேயிருக்கும்.
சென்றியைக் கழற்றிக் கொண்டுபோய் எத்தனையோ வருடம்.
இன்றைக்கும் பாலம் ஏறினால்
விரல்கள் பைக்குள் எதையோ துழாவுகின்றன.

படிவத்தில் ஆறாவது நிரல்: எஞ்சிய தொய்வு.
ஒன்று என்று எழுதினேன்.
பேனை கொஞ்சம் அழுத்திவிட்டது போல,
அடுத்த தாளிலும் தெரிந்தது.

அணுகுவீதிப் பக்கமிருந்து ஹோர்ண்.
றிஸ்மியாஸ் தலையை வெளியே நீட்டி,
'மிஸ், இந்த மணல இப்ப எங்க கொட்டுற?'

அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.