தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு

நான் தட்டு கழுவ வந்தவள்.
ஈஜிபுரா சிக்னல் தாண்டி
நின்றுகொண்டே தின்னும் கடை, ஐதாளுடையது.
காலை ஆறுக்கும் பத்துக்கும் நடுவே எழுநூறு தட்டு.
யார் கறிவேப்பிலையை ஓரம் ஒதுக்குவார்,
யார் சட்னியை விரலால் வழிப்பார்,
யார் ஒரு விள்ளலோடு போன் வந்து ஓடினார்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
முகம்தான் தெரியாது.
தொட்டிக்கு மேலே இருந்த துளை
ஒரு தட்டு நுழையும் அளவு.

பிறகு அந்தத் துளை வழியாக
ஒன்றும் வரவில்லை.

ஊர் அடைத்த இருபத்தெட்டாம் நாள்
ஐதாள் பாதி ஷட்டர் தூக்கினார்.
பார்சல் மட்டும்.
பவுனு, நீ கட்டு, என்றார்.
கன்னடத்தில் சொன்னாலும் கட்டு கட்டுதான்.

சாம்பார் கட்டுவது லேசில்லை.
கொதிக்கக் கொதிக்க ஊற்றி
கொஞ்சம் காற்றையும் சேர்த்துப் பிடித்து
கழுத்தைத் திருகி
ரப்பர் பேண்டை ஏழு சுற்று.
காற்று குறைந்தால் ஒழுகும், கூடினால் வெடிக்கும்.
முதல் வாரம் உள்ளங்கை வெந்தது.
சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த விரல்கள்
மஞ்சளாயின.

கயிறு கட்டிய வாசலுக்கு அப்பால்
பைக்காகக் காத்து நின்றார்கள்,
ஏசி ரிப்பேர் பார்த்த அப்சல்,
கல்யாண மண்டபங்களில் சீரியல் விளக்கு போட்ட தொட்டையா.
அத்தனை சாப்பாடு சுமந்தவர்கள்
வண்டி சீட்டில் வைத்துத் திறந்தது
வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை.

ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு குத்தினோம்.
சமைத்தவர், கட்டியவர், கொண்டுவருபவர்;
மூன்று பெயர், மூன்று உடம்புச் சூடு.
கட்டியவர்: பவுனம்மாள், 97.2.
ரேஷன் கார்டுக்கு வெளியே
யாரும் என் பெயரை எழுதியதில்லை.
பதினாலு மாடிக் கட்டிடங்களுக்குள்
வாட்ச்மேனைக் கேட்காமல்
லிப்டில் ஏறிப் போனேன்.

நெற்றியில் காட்டும் துப்பாக்கிக்கு
மே மாதமே பேட்டரி தீர்ந்தது.
ஐதாள் 97.2 என்றே எழுதிக்கொண்டிருந்தார்,
சமையல்கட்டில் சுப்ராயர் இருமிய நாளிலும்,
நான் அனலாய்க் கொதித்து
மாத்திரை விழுங்கிவிட்டு வந்த இரண்டு நாளும்.
வாய் திறந்தால் சம்பளம் நிற்கும்.
சாப்பிட்டவர்களே,
அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

1408 என்று ஒரு வீடு.
தினமும் இரண்டு இட்லி.
கூடவே ஒரு குறிப்பு: மணி அடிக்க வேண்டாம்,
கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போங்கள்.
ஐந்தாம் நாள் குறிப்பு வேறு மாதிரி:
காரம் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்,
எதுவும் ருசிக்கவில்லை.
ஐதாள் சத்தமாகப் படித்துச் சிரித்தார்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
காரச் சட்னி இரண்டு கட்டினேன்.
கேட்காத வடை ஒன்றும் உள்ளே போட்டேன்.
அந்த வாரம்
எனக்கும்தான் நாக்கு மரத்திருந்தது.
எந்த நாள் முதலில், எந்த நாள் பிறகு
என்று விரல் விட்டு எண்ண
இன்றுவரை எனக்குத் தைரியமில்லை.

பத்தாம் நாள் ஆர்டர் வரவில்லை.
பதினொன்றாம் நாளும்.
அப்சலைக் கேட்டேன்.
எனக்குக் கதவுதானே அக்கா தெரியும், என்றான்.

இப்போது கயிறு இல்லை.
சூடு எழுதுவதை விட்டார்கள்,
அதோடு என் பெயரும் போயிற்று.
தொட்டியை இடித்து
பைகளுக்கு அலமாரி அடித்தாயிற்று.
வாசலில் வந்து நிற்பவர்கூட
பார்சல் வாங்கிப் போய்
காருக்குள் உட்கார்ந்து தின்கிறார்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

எட்டே எட்டு தட்டு மிச்சம் வைத்திருக்கிறோம்,
நின்றுதான் தின்பேன் என்று
அடம்பிடிக்கிறவர்களுக்கு.
பின்பக்கக் குழாயடியில் கழுவுகிறேன்.

இன்று காலை வந்த தட்டில்
காரச் சட்னியை விரலால் வழித்திருந்தது.
கையை உதறிக்கொண்டு
நான் முன்பக்கம் வருவதற்குள்
ஆள் போய்விட்டார்.