கேட் திறக்கும் வீடு

முதல் வேலை, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவது.
டர்பனில் கார் வைத்திருப்பவர்கள்
என்னைவிடக் குட்டை,
இல்லையென்றால் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள்.
நடுக்கண்ணாடியை மட்டும் தொடமாட்டேன்.
குறைந்த மதிப்பெண் போட்ட எல்லோரும்
அதைத்தான் காரணமாகச் சொல்லியிருந்தார்கள்.

ஃப்ளோரிடா ரோட்டில் இரவு ஒன்றேகால்.
நொம்புசோ போனில் சொன்னாள்:
வெள்ளை ஃபோர்ச்சூனர். பெயர் பூபாலன் அச்சாரி.
இப்போதைக்கு நிற்கிறார்,
ரொம்ப நேரம் நிற்கமாட்டார்.

சைக்கிளை மடித்தேன். பேட்டரியோடு பத்தொன்பது கிலோ.
டிக்கியில், கோல்ஃப் மட்டைகளுக்கும்
கேக் இருந்த பெட்டிக்கும் நடுவே
முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்தது.
"வண்டி அழுக்காகுமா?" என்றார்.
சைக்கிளால் ஆகாது, என்றேன்.

"உன் கார் எங்கே நிக்குது?"
கார் இல்லை, அங்கிள்.
"கார் இல்லாதவனா என் காரை ஓட்டுறே?"
ஸ்பார்க்ஸ் ரோடு வரும்வரை இதற்குச் சிரித்தார்.
அப்புறம் யாரோ ஒரு தம்பியைப் பற்றி
கொஞ்சம் அழுதார்.
ரெசர்வார் ஹில்ஸில் தெருப் பெயரைச் சொன்னார்,
எண்ணைச் சொல்வதற்குள் தூங்கிவிட்டார்.

எழுப்பினேன். "வீட்டுக்குப் போ" என்றார்.

தெரு முழுக்க மதில்.
மதில் மேல் மின்கம்பி, கம்பி மேல் நிலா.
எல்லா வாசலுக்கும் ஒரே கடையில் வாங்கிய கேட்.
சாவிக்கொத்தில் ஒரு ரிமோட் தொங்கியது.
முதல் கியரில் ஊர்ந்தேன்.
பத்து மீட்டருக்கு ஒரு அமுக்கு.

ஒரு வீட்டில் நாய்.
ஒரு வீட்டில் மாடி விளக்கு எரிந்து அணைந்தது.
ஒரு வீட்டில் திரைச்சீலை விலகி
போனைக் காதில் வைத்த ஒரு முகம்.
திருடனும் இதைத்தான் செய்வான்,
இன்னும் சீக்கிரமாகச் செய்வான்.
பின்சீட்டில் அச்சாரியின் குறட்டை
எனக்கு இருந்த ஒரே சாட்சி.

தெரு முடிந்தது. ஒன்றும் திறக்கவில்லை.
திருப்பினேன். மறுபக்கம்.
பன்னிரண்டாவது அமுக்கலில் ஒரு நீலக் கேட்
தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்போல
பக்கவாட்டில் நகர்ந்தது.
அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம்,
என் வீடு இல்லையே.

நைட்டியில் ஒரு அம்மா நின்றார்.
நான் யார் என்று கேட்கவில்லை.
இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து
அவரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.
சாவியை நீட்டி, வழக்கம்போல் சொன்னேன்:
கண்ணாடியைத் தொடவில்லை.
"தொட்டிருக்கலாம்" என்றார்.
"காலையில நான்தானே ஓட்டப்போறேன்.
எனக்கு அது எப்பவும்
கூரையைத்தான் காட்டும்."

இறக்கத்தில் மோட்டாரை அணைத்துவிட்டேன்.
மலை இலவசம்.
காற்றில் நனைந்த யூகலிப்டஸ் வாசனை,
தூரத்தில் துறைமுகத்தின் மஞ்சள் விளக்குகள்.
ஏற்றம் வந்ததும் பேட்டரி ஒரு கோட்டில் நின்றது,
பிறகு அந்தக் கோடும் இல்லை.
நேற்று மாலை மின்வெட்டு, பாதிதான் ஏறியிருந்தது.
தள்ளினேன். பத்தொன்பது கிலோ
மூன்றரை மணிக்கு முப்பது ஆகிறது.

வார்விக் ஸ்டாண்டில் சாட்ஸ்வொர்த் போகும் முதல் டாக்ஸி.
"சைக்கிளுக்கும் ஒரு ஆள் காசு" என்றான் டிரைவர்,
தலையைத் திருப்பாமலே. சரி என்றேன்.
அது பின்வரிசையில் ஜன்னலோரம்,
ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இருவருக்குப் பக்கத்தில்
மரியாதையாக உட்கார்ந்தது.
எனக்கு மிஞ்சியது முன்சீட்.

முன்சீட்டில் உட்காருகிறவன்தான் கணக்குப்பிள்ளை,
இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.
தோளில் ஒரு தட்டல்: மூன்று பேர்.
இன்னொரு தட்டல்: இரண்டு, ஐம்பதுக்குச் சில்லறை.
நாள் முழுக்க, ராத்திரி முழுக்க
ஸ்டியரிங்கைப் பிடித்த கையில்
இப்போது பதினைந்து பேரின் வெதுவெதுப்பான நாணயங்கள்.

எண்ணினேன். ஒரு ஆள் குறைகிறது.
மறுபடி எண்ணினேன்.
டிரைவர் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்,
நானும் திரும்பி
சந்தேகமாகப் பார்த்தேன்,
தலை சாய்த்த நர்ஸை,
ரொட்டி தின்னும் காவலாளியை.

உம்லாஸ் ஆறு தாண்டிய பிறகுதான்
எனக்கு உறைத்தது:
சைக்கிள் இன்னும் காசு தரவில்லை.