பல் இருந்த இடம்

மூன்றே வாரம் என்று சொல்லித்தான்
படகேறிப் போனேன்.
ஃபரோ தீவுகளின் வடக்கு ஓரம்.
பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை,
ஏழு பிள்ளைகள்,
வாசலில் ஏழு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

அன்றைக்கு உவமை.
புத்தகம் டென்மார்க்கிலிருந்து வந்தது.
'பஞ்சு போன்ற மேகம்' என்று படித்தேன்.
"பஞ்சுன்னா காதுல வைப்பாங்களே, அதுவா?"
'சிங்கம் போன்ற வீரன்.'
"நீங்க சிங்கத்தைப் பார்த்திருக்கீங்களா டீச்சர்?"
பெய்ன்தா கேட்டாள்.
பார்த்திருக்கிறேன், கூண்டில்,
தூங்கிக்கொண்டிருந்தது என்றேன்.
"அப்ப வீரம்?"

புத்தகத்தை மூடினேன்.

சன்னல் நிறைய மூடுபனி.
மலை இல்லை, கடல் இல்லை,
எதிர்வீட்டுப் புல்கூரைகூட இல்லை.
அது எதைப் போல, சொல்லுங்கள் என்றேன்.
ஆட்டு ரோமம் போல என்றாள் ரன்வா,
கத்தரித்து இன்னும் கழுவாதது.
மூடியைத் திறந்ததும் சூப் போல,
அதுவும் நேற்றைய சூப் என்றான் ஏயுன்.
பெய்ன்தா யோசித்துச் சொன்னாள்:
"மலை உச்சியில யாரோ உட்கார்ந்து
மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுறாங்க."
'போல' என்பதையே விழுங்கிவிட்டாள்.
அதற்கு வேறு பெயர் உண்டு,
அன்று நான் அதைச் சொல்லவில்லை.

ஹொக்னி மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.
ஆறு வயது. ஆடுகிற முன்பல்.
"பனி பனிதான்.
வேற எது சொன்னாலும் பொய்."
பொய் இல்லை என்றேன்.
"அப்ப நிஜமா?"
நிஜமும் இல்லை என்றேன்.
சொன்ன பதில் எனக்கே
ஒரு கால் உடைந்த நாற்காலியாய் நின்றது.

மறுநாளும் பனி. அதற்கடுத்த நாளும்.
படகு வரவில்லை.
சால்மன் பண்ணைக்கு வேலைக்குப் போன அவன் அம்மா
எதிர்த்தீவிலேயே தங்கிவிட்டாள்.
வீட்டில் அப்பா ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்தாராம்,
ஏயுன்தான் ஊருக்கெல்லாம் சொன்னான்.

கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது
பல் விழுந்தது.
நோட்டில், ஒன்பதுக்குப் பக்கத்தில்,
ஒரு சொட்டு ரத்தம்.
ஆறு பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.
அவன் அழவில்லை.
நாக்கு மட்டும் அங்கே போய்ப் போய் வந்தது.
"எப்படி இருக்கு?" என்றாள் ரன்வா.
வெகுநேரம் துழாவிவிட்டுச் சொன்னான்:
"வாசல்ல அம்மா பூட்ஸ் இல்லாத மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை, ஏயுன்கூட.
ஹொக்னி என்னைத் திரும்பிப் பார்த்தான்,
பிஸ்கட் டப்பாவில் கை மாட்டிக்கொண்ட முகம்.
"நான் பொய் சொல்லிட்டேனா?"

கரும்பலகையில் பதினேழில் ஒன்பது போக
என்ன மிச்சம் என்று
அன்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் வகுப்பு கெட்டுப்போனது.
ஏயுன் தலை உருளைக்கிழங்கு மாதிரி,
பெய்ன்தாவின் கையெழுத்து
நண்டு ஓடின மணல் மாதிரி,
நான் பாடம் நடத்துவது
காற்றடிக்கிற நாளில் துணி உலர்த்துவது மாதிரி.
இது யார் சொன்னது என்று கேட்டேன்.
ஏழு பேரும் சன்னலைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பனி விலகியது.
மலை, வைத்த இடத்திலேயே இருந்தது.
மதியத்துக்குள் படகின் ஊதல்.

திங்கள் காலை
ஹொக்னி மூச்சிரைக்க ஓடிவந்தான்.
"அம்மா வந்தாச்சு!
பூட்ஸ் வாசல்ல இருக்கு!"
பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்:
எதைப் போல இருக்கு?

இவளுக்கு என்ன ஆயிற்று என்பதாக
என்னை ஒரு பார்வை பார்த்தான்.
"பூட்ஸ் மாதிரி" என்றான்.
அந்த 'ஸ்' மட்டும்
பல் இருந்த இடத்தில்
விசிலடித்துக்கொண்டு வந்தது.